அமைதி என்று எழுதிய மூன்று வாரங்கள்

என் மகளுக்கு ஒன்றரை வயது நிரம்பிய மாதம் அது. ஒரு திங்கட்கிழமை காலை குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். சோப்பு கண்ணில் பட்டு வீறிட்டு அழுதாள். அழுகை ஏற ஏற, வலது தொடை இடுக்குக்கு மேலே தோல் புடைத்துக்கொண்டு வந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும். கையிலிருந்த குவளையைக் கீழே போட்டுவிட்டேன். துண்டில் சுற்றித் தோளில் போட்டுத் தட்டியதும் அழுகை நின்றது. பிரித்துப் பார்த்தால் வீக்கத்தைக் காணோம்.

பார்த்தது நிஜமா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. மறுபடி அழவைத்துப் பார்க்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். நான் அப்படிப்பட்டவள். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு மாடி இறங்கிய பிறகு, பூட்டினேனா என்று மறுபடி ஏறிப் பார்ப்பவள். பாப்பா பிறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்காத நாள் கிடையாது.

குழந்தைகள் டாக்டர் பார்த்ததும் ஹெர்னியா என்றார். ஓசூரிலேயே இன்னொரு ஆஸ்பத்திரியில் இருக்கும் அறுவை டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாளே போனோம். அவர் அவசரமில்லாமல் பேசுகிறவர். ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். பிறப்பதற்கு முன்பே மூடிக்கொள்ள வேண்டிய சின்ன வழி ஒன்று இவளுக்கு மூடவில்லை. அழும்போது உள்ளே இருக்கும் குடல் அதன் வழியாக இறங்குகிறது.

"தானா சரியாகாதும்மா. சின்ன ஆபரேஷன்தான். அடுத்த புதன்கிழமை வெச்சுக்கலாம். எப்படியும் ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சிடணும்."

"மயக்க மருந்து குடுப்பீங்களா டாக்டர்?"

"குடுக்காம எப்படிம்மா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "கொழந்தைங்களுக்குன்னே குடுக்கற டாக்டர் வருவார். அத நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒண்ணு பாத்துக்கங்க. வீக்கம் உள்ள போகாம கெட்டியா நின்னுட்டா, கொழந்த வாந்தி எடுத்தா, அந்த நிமிஷமே கெளம்பி வந்துடணும்."

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதைப் பற்றிப் போனில் தேடியது. கண் விழிக்காத குழந்தைகள் பற்றி எங்கெங்கோ யார் யாரோ எழுதியிருந்ததையெல்லாம் வரி விடாமல் படித்தேன். நல்லபடியாக விழித்து வீட்டுக்குப் போன குழந்தைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரே காட்சிதான். ஒரு கதவு திறக்கிறது, பச்சை உடையில் ஒருவர் வெளியே வருகிறார், அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடுகிறது. சோறு வடிக்கும்போது வரும். துணி மடிக்கும்போது வரும்.

பயத்தைக் கொண்டுபோய்க் கொட்ட எனக்கு ஓர் இடம் இருந்தது. நான்கு தெரு தள்ளி இருக்கும் ஓர் அக்காவின் வீடு. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை அவருக்கு. என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் தமிழ். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பேர் அவர் வீட்டு ஹாலில் தியானத்துக்கு உட்காருவோம். எல்லாரும் கம்பெனிக்காரர்களின் மனைவிகள், அல்லது தாங்களே கம்பெனிக்குப் போகிறவர்கள். ஓர் அம்மன் படம், ஒரு விளக்கு. காணிக்கை கிடையாது, பிரசங்கம் கிடையாது. தியானம் முடிந்ததும் ஒவ்வொருவராகச் சமையலறைக்குள் கூப்பிட்டு, நாங்கள் எழுதிக்கொண்டு போகும் நோட்டைப் படித்துப் பேசுவார்.

அந்த நோட்டுக்கு அக்கா வைத்த ஒரு சட்டம் உண்டு. "உள்ள இருக்கற அம்மனுக்கு வார்த்தை கிடையாது. உணர்ச்சிதான் அவ பாஷை. அதனால என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுதாதீங்க. மாமியார் என்ன சொன்னாங்க, புருஷன் எப்படி மொறைச்சாருன்னு எழுத ஆரம்பிச்சா அது வக்கீல் நோட்டீஸ் ஆயிடும். எத்தன மணிக்கு என்ன உணர்ந்தீங்க, அது மட்டும் போதும்."

உணர்ச்சியைப் பிரித்துப் பார்க்கக் கம்பெனி வழியிலேயே ஒரு முறை வைத்திருந்தார். அங்கே சரியான பொருளுக்குப் பச்சை டேக் கட்டுவார்கள். கழித்துப் போட வேண்டியதற்குச் சிவப்பு. சந்தேகமாக இருந்தால் மஞ்சள் டேக் கட்டி ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள், அதன் பெயர் ஹோல்டு. எங்கள் மனசுக்கும் அதேதான். ஒரு காரியத்தை நினைத்து உட்காரும்போது அமைதி வந்தால் பச்சை, செய்யலாம். கோபத்தில் செய்ய நினைப்பது சிவப்பு, விட்டுவிட வேண்டும். பயமோ குழப்பமோ இருந்தால் மஞ்சள், அமைதி வரும்வரை எதையும் முடிவு செய்யக் கூடாது.

"என் மாமியாருக்கு நேரா ரிஜக்ட் டேக் கட்டி கம்பெனி பஸ்ல ஏத்திவிட்டுடலாமா அக்கா?" என்று எங்களில் ஒருத்தி கேட்பாள். "ஏத்திவிடு. சாயந்திரம் அதே பஸ்ல ரீவொர்க்குன்னு சரி பண்ணித் திருப்பி அனுப்புவாங்க" என்பார் அக்கா.

இதைக் கேலியாக எழுதவில்லை. பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்த ஏழெட்டு மாதங்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தச் சமையலறைதான். என் கணவர் மேல் எனக்கு வந்தது கோபமல்ல, பொறாமை, அவர் மட்டும் தினமும் வீட்டை விட்டு வெளியே போகிறாரே என்று. அதை நோட்டு வழியாகத்தான் கண்டுபிடித்தேன். அதனால் அக்காவின் சட்டத்தை நான் ஓர் எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தேன். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். மார்ஜின் போடாமல் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை.

டாக்டரைப் பார்த்த வாரம் முழுக்க, காலையில் பாப்பா எழுவதற்கு முன் ஆபரேஷனை நினைத்துக்கொண்டு கண்மூடி உட்கார்ந்தேன். தினமும் நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வேர்த்தது. அம்மனின் பாஷை உணர்ச்சி என்றால், இது அவள் சொல்கிற "வேண்டாம்" இல்லாமல் வேறென்ன? அந்தக் கேள்வி வந்த பிறகு பயம் இரண்டு மடங்காயிற்று. அவள் எச்சரித்தும் கேட்காமல் குழந்தையைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? அப்போது டாக்டர் மேலும் குற்றமில்லை, சாமி மேலும் குற்றமில்லை. நான் ஒருத்திதான்.

நோட்டில் எழுதினேன். புதன் காலை ஐந்தே முக்கால், பயம். வியாழன், பயம், கை நடுக்கம். வெள்ளி, பயம். எதற்குப் பயம் என்று எழுதவில்லை. அது நடந்த விஷயம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை அக்கா படித்துவிட்டு, அடுப்படித் திட்டில் நோட்டை வைத்தார்.

"ரொம்ப ஆடுது கண்ணு. ஏதோ முடிவெடுக்கணும்னு உன்னையே போட்டு அழுத்தற மாதிரி தெரியுது."

"ஆமாங்க அக்கா."

"மஞ்சள்தான். மெஷின் அதிரும்போது யாராவது அளவெடுப்பாங்களா? நிறுத்தி வை. அமைதி வரட்டும்."

நான் மறுபடி வேலைக்குப் போவதா வேண்டாமா என்று தவிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று நான் வாயைத் திறந்து, பாப்பாவுக்கு ஆபரேஷன் அக்கா, டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சட்டம் தடுத்தது என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. சொன்னால் அவர் "போய்ப் பண்ணு" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, பாப்பாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னேன். ஒரு வாரம் தள்ளி அடுத்த புதன் கொடுத்தார்கள். போனை வைத்ததும், தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூச்சு சீராக வந்தது. எத்தனையோ நாள் கழித்துப் பசித்தது. சூடாக இரண்டு தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்து எழுதினேன்: காலை பத்தரை, அமைதி.

இந்த இடத்தில்தான் தவறு நடந்தது. இதை எழுதும்போதுகூட அந்த வரியை அடித்துத் திருத்த வேண்டும் போல இருக்கிறது. வந்தது அமைதி அல்ல. தப்பித்தேன் என்கிற நிம்மதி. பரீட்சை தள்ளிப்போன அன்று பிள்ளைகளுக்கு வருமே, அது. ஆனால் உள்ளே இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. இரண்டிலும் மூச்சு சீராகிறது. இரண்டிலும் பசிக்கிறது.

என் கணவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"லீவு எழுதிக் குடுத்துட்டேன். புதன் காலையில எத்தன மணிக்குப் போகணும்?"

"ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்காங்க. அக்காவும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாங்க."

"உங்க அக்காவுக்கு எப்ப எம்.பி.பி.எஸ். பட்டம் குடுத்தாங்க?"

"கிண்டல் பண்ணாதீங்க. அவங்க சும்மா சொல்ல மாட்டாங்க."

அதோடு விட்டுவிட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. லீவை ரத்து செய்ய சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். அவர் குரலிலும் ஒரு நிம்மதி தெரிந்தது. அன்று அதைக் கவனித்தேன், ஆனால் நின்று யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா நோட்டைப் படித்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். "பாத்தியா? வந்துடுச்சு. திங்கக்கெழம என்ன முடிவெடுத்தியோ அதுலயே இரு." வீட்டுக்குப் போய் என் கணவரிடம், "இப்போதைக்கு வேண்டாம்னுதான் அக்காவுக்கும் படுது" என்றேன். செவ்வாய்க்கிழமை மறுபடியும் போன் செய்து தள்ளினேன். இந்த முறை வரவேற்பில் இருந்த பெண், "நீங்களே முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். மறுபடி நிம்மதி. மறுபடி அமைதி என்று எழுதினேன். மூன்றாவது ஞாயிறும் அப்படியே போயிற்று. டாக்டர் சொன்ன இரண்டு வாரம் கடந்துவிட்டது எனக்குத் தெரியும். நாள்காட்டியைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பாப்பா விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று காலை மடக்கிக்கொண்டு அழுதாள். தூக்கினேன், தட்டினேன். வீக்கம் வந்திருந்தது. வழக்கம்போல் அழுகை நின்றால் போய்விடும் என்று காத்திருந்தேன். அழுகை நிற்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. தொட்டதும் அவள் போட்ட சத்தம் அதுவரை நான் கேட்டறியாதது. பிறகு வாந்தி எடுத்தாள், என் தோள்மேல்.

கணவருக்குப் போன் செய்தேன். லைனுக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது, லாக்கரில் பூட்டி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் திரும்பத் திரும்பச் செய்தேன். அந்த நேரத்தில்கூட எனக்குள் ஒரு குரல், உட்கார், கண்ணை மூடு, முதலில் அமைதியாகு என்றது. ஒரு நிமிடம் உண்மையிலேயே தரையில் உட்கார்ந்தேன். அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். வெளியே சொல்ல வெட்கப்படும் நிமிடம் அது. அவள் மறுபடி வாந்தி எடுத்ததுதான் என்னை எழுப்பியது.

அக்காவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், வீட்டில் இருந்தார். "அக்கா, பாப்பாவுக்கு..." என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. சில நிமிடங்களில் கீழே அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாப்பாவை மார்போடு அணைத்தபடி பின்னால் ஏறினேன். நெடுஞ்சாலையோரச் சர்வீஸ் ரோட்டில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அக்கா நடைபாதை மேல் ஏற்றி ஓட்டினார். ஒரு லாரிக்காரர் கன்னடத்தில் ஏதோ திட்டினார். அக்கா அதே கன்னடத்தில் அதைவிடப் பெரிதாகத் திட்டினார். என் கழுத்தில் பாப்பாவின் மூச்சு பட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று எண்ணிக்கொண்டே போனேன்.

அறுவை டாக்டர் இருந்தார். என்னைக் கேள்வி கேட்கவில்லை. அதற்காக அவரைக் கும்பிடலாம். பாப்பாவைப் படுக்க வைத்து, கொஞ்சம் கிறங்க வைக்கும் மருந்தைக் கொடுத்து, கால் பக்கம் உயர்த்தி வைத்தார்கள். அழுகை அடங்கித் தளர்ந்ததும் டாக்டர் இரண்டு கையாலும் மெதுவாக, மாவைத் தட்டுகிற பக்குவத்தில் அழுத்திக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் இருக்கும். பிறகு அவர் தோள் தளர்ந்தது.

"உள்ள போயிடுச்சு. இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும். வீக்கம் வடியட்டும். நாளான்னைக்குக் காலையில பண்ணிடுவோம். அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "இந்தத் தடவ சளி பிடிக்காம பாத்துக்கங்கம்மா" என்றார்.

வார்டில் பாப்பா தூங்கியதும், நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். வார்டுக்கு வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் அக்கா என் பையில் துண்டைத் தேடியவர், அதற்கடியில் இருந்த நோட்டை எடுத்தார். முதலிலிருந்து புரட்டினார். ஒரு பரிசோதனை அறிக்கையைப் பார்ப்பது போல விரலை வைத்து வரி வரியாகப் போனார்.

"ரெண்டு வாரம்னு டாக்டர் சொன்னத எங்க எழுதியிருக்க?"

"எழுதலைங்க அக்கா."

"நாள் குடுத்தது? ரெண்டு தடவ தள்ளினது?"

"நடந்தத எழுதக் கூடாதுன்னு சொன்னீங்களே."

அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். நோட்டை மூடினார். மறுபடி திறந்தார். "நான் பச்சை குடுத்திருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்வது போல. "எந்தப் பொருள்னே பாக்காம பச்சை குடுத்திருக்கேன். கம்பெனியில இத செஞ்சிருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க? நான்தான் சொல்லல."

"நான் கேட்கலையே." நோட்டை என் பைக்குள் திரும்ப வைத்தார். "ஞாயித்துக்கெழமைல இருந்து யாரையும் வர வேண்டாம்னு சொல்லிடறேன். எனக்கு இது தெரியல. தெரிஞ்ச மாதிரி உட்கார்ந்துட்டு இருந்திருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. என் வாழ்க்கையில் அக்காவிடம் வந்த ஒரே கோபம். "இப்ப நீங்களும் பயந்துட்டு ஓடாதீங்க" என்றேன். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பயந்தா நிறுத்தி வைன்னு சொன்னதாலதான் இங்க உட்கார்ந்திருக்கோம். இன்னொரு தடவ நிறுத்தி வெச்சு என்ன ஆகப் போகுது?"

அக்கா எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார். அன்று அவர் ஷிப்டுக்குப் போகவில்லை.

என் கணவர் இரண்டரை மணிக்கு யூனிபாரத்தோடு ஓடி வந்தார். பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அக்காவை முறைத்தார். "போதுமாங்க?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

"அவங்க வேண்டாம்னு சொல்லவே இல்லைங்க" என்றேன். "ஆபரேஷன்னே அவங்களுக்குத் தெரியாது. நான்தான் அவங்க பேரைச் சொல்லித் தள்ளிப்போட்டேன். சளின்னு சொன்னதும் பொய்."

அடிக்க மாட்டார், ஆனால் கத்துவார் என்று தயாராக நின்றேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏ புள்ள, எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. டாக்டர் சொன்னத அக்கா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்கன்னு தெரியும். ஒரு போன் போட்டு அவங்ககிட்டயே கேட்டிருக்கலாம்ல? கேக்கல. எனக்கும் பச்சப்புள்ளைய அந்த ரூமுக்குள்ள விட மனசில்ல. நீ சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு."

ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் வளர்த்திருக்கிறோம். அவர் பயம் என்னிடம் ஒளிந்துகொண்டது, என் பயம் அக்காவிடம், அக்காவின் சட்டத்துக்குள். சாமியின் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தியாயிற்று.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். நடுவயதுக்காரர், வார்டில் எல்லாரையும் அதட்டுகிறவர். "அப்பா போடறாரா, அம்மா போடறீங்களா? சீக்கிரம்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"நீ போடு. நான் போட்டா, ஏதாச்சும்னா என்னையத்தான் காலம் பூரா சொல்லுவ."

"நான் போட்டா நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"நானும் சொல்லுவேன்" என்றார். இருவருக்கும் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது.

பேனாவை வாங்கினேன். படிவத்தில், உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தார்கள். அந்த வரியில் கண் மாட்டிக்கொண்டது. நெஞ்சு அதே படபடப்பு. வேர்வையில் பேனா வழுக்கியது. நான்கு வாரத்துக்கு முன் எப்படியிருந்ததோ அதில் ஒரு துளிகூடக் குறையவில்லை. அக்கா பெஞ்சில் இருந்து எழுந்து பக்கத்தில் வந்து, பழக்கத்தில், "மனசு எப்படி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்படியேதான் இருக்குதுக்கா" என்றேன். "பயமாத்தான் இருக்கு."

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதை அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தேனா, இப்போது எழுதும்போது சேர்க்கிறேனா, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இந்தப் பயத்துக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லத் தெரியும். இது பெரிய விஷயம், கவனமாக இரு. செய் என்றோ செய்யாதே என்றோ சொல்ல அதற்கு வாய் கிடையாது. நான்தான் அதற்கு வாய் வைத்து, அந்த வாயை அம்மனுடையது என்று நம்பினேன். அவள் என்னோடு பேசியதே இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒருவேளை படம் வரைந்து காட்டிய டாக்டர் வழியாகவே பேசி முடித்திருக்கலாம். மனசுக்குள் கூப்பிட்டேன். என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை. கூட இரு என்று மட்டும் சொன்னேன். கேட்டாளா என்பதற்கு எந்த அடையாளமும் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். பரீட்சைத் தாளில் போடுவது போல முழுப் பெயரையும் எழுதியிருந்தேன், கோணல் மாணலாக.

அறுவை அறை வாசலில் நர்ஸ் கையை நீட்டினார். பாப்பா என் நைட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாக நானே பிரித்துவிட வேண்டியிருந்தது. அதட்டுகிற அதே நர்ஸ், "அளபேட கந்தா, அளபேட" என்று கன்னடத்தில் அழாதே என்று கொஞ்சிக்கொண்டே உள்ளே தூக்கிப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

எட்டு மணியிலிருந்து ஒன்பது ஐந்து வரை அந்தக் கதவுக்கு எதிரே நின்றேன். உட்காரச் சொன்னார்கள், முடியவில்லை. என் கணவர் தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். அக்கா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தியானமா என்று பார்த்தேன். உதடு துடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரில் ஒருவருக்கும் அமைதி இல்லை. உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தது. "கொழந்தையோட அம்மா யாரு? வாங்க."

நர்ஸ் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். பாப்பா பக்கத்து அறையில், கம்பி வைத்த சின்னக் கட்டிலில், உடம்பைவிடப் பெரிய பச்சைத் துணிக்குள் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்த்து, கரகரத்த குரலில், "தண்ணி" என்றாள். பிறகு முகம் கோணி அழுதாள். "தண்ணி, ம்மா, தண்ணி."

மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. என் கை தானாக நீண்டது.

"இப்பக் குடுக்கக் கூடாது. ரெண்டு மணி நேரம் ஆகணும்" என்றார் நர்ஸ். "இல்லன்னா வாந்தி எடுத்துப் புரையேறிடும்."

பாப்பாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வாய் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று ஒரு பக்கம், கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு பக்கம். கையை இழுத்துக்கொண்டேன்.

"சிஸ்டர், ரெண்டு மணி நேரம்னா எப்போல இருந்து? ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்தா, இவ முழிச்சதுல இருந்தா? சரியா எத்தன மணிக்குக் குடுக்கலாம்? மொதல்ல எவ்வளவு?"

அவர் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "பதினொண்ணே கால். ரெண்டு ஸ்பூன்" என்றார்.

மணி ஒன்பது பத்து. பாப்பாவின் தலைமாட்டில் நின்று, அவள் கேட்கக் கேட்க, இல்லை கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.